மாடு பைக் ஓட்டுது
நேத்து மச்சான் வீட்ல நிண்டெண்டோ ஸ்விட்ச் 2 கேம் கன்சோல்ல மரியோ கார்ட் வேர்ல்ட்னு ஒரு ரேஸ் கேம் போட்டு, அக்கா தோசை ஆறுதுடான்னு நாலு தடவ கத்துற வரைக்கும் ஆடுனோம். போன பார்ட்ல 12 பேரு ரேஸ், இதுல 24, காலைல கத்திப்பாரா மாதிரி இருக்கு, முன்னாடி போறவன் முதுகு தவிர ஒண்ணும் தெரியல 😂

நாக்அவுட் டூர்னு ஒரு மோடு, அதான் கேமே. ஒவ்வொரு செக்பாயிண்ட்லயும் கடைசி நாலு பேர் அவுட், 24, 20, 16னு கொறஞ்சுகிட்டே வரும். ஓட்டுற ஆளா நான் எடுத்தது பசுமாடு (ஆமாங்க, பழைய பார்ட்ல மேஞ்சுட்டு நின்ன மாடே தான்). ஃபைனலுக்குப் போற நாலு பேருக்குள்ள வர்ற கோடு கண்ணு முன்னாடி இருக்கு, நாலாவதா வர்றேன், எங்கிருந்தோ ஒரு சிவப்பு ஆமை ஓடு (முன்னாடி போறவன் மேல எறியுறது) வந்து அடிச்சு மாடு தலைகீழ சுத்துது, மச்சான் சிரிப்ப அடக்கிட்டு அப்டியே தாண்டிப் போறாரு. எறிஞ்சதே அவருதான்.

கிராண்ட் ப்ரீன்னு இருக்குற இன்னொரு மோடு தான் கொஞ்சம் போர். டிராக்குக்கு டிராக் நீளமா ரோட்லயே ஓட்டணும், போய்ச் சேந்தா ஒரே ஒரு லேப். இந்த கேமுக்கு அமெரிக்கால 80 டாலராம், கன்சோலோட பண்டில்ல வந்தப்ப 50 தான் கூட.

இன்னிக்கும் போறேன், தோசை சாப்ட்டுட்டு.