சங்கு குளிக்கிற ஊர்க்காரர்கள் கிரீஸ் போனால்

ஊரிலிருந்து கிரீஸ் போக ஆசைப்படுகிற பையன்கள் என்னிடம் கேட்கும் முதல் கேள்வி, "காக்கா, சாந்தோரினியில் எத்தனை நாள் தங்கலாம்?" என்பதுதான். போங்கள், அழகான தீவு. ஆனால் நம் ராமநாதபுரம் கரையின் பெரியபட்டினத்திலிருந்தோ கீழக்கரையிலிருந்தோ கிளம்புகிற ஒருவருக்கு நான் முதலில் சொல்லும் பெயர் கலிம்னோஸ்.

அது கடற்பஞ்சு குளிப்பவர்களின் தீவு. கடற்பஞ்சு என்பது கடலடியில் ஒட்டி வளரும் உயிர், உடம்பு தேய்க்கும் ஸ்பாஞ்ச் அதிலிருந்துதான். எங்கு பார்த்தாலும் மொட்டைப் பாறை, விவசாயத்துக்கு நிலம் குறைவு. அதனால் ஆண்கள் கடலுக்குள் இறங்கினார்கள். ஈஸ்டர் முடிந்ததும் படகுகள் கிளம்பும். லிபியா, எகிப்து கரை வரை போய், மாதக்கணக்கில் குளித்துவிட்டு, குளிர் தொடங்கும் முன் திரும்பும். போன எல்லோரும் திரும்பியதில்லை.

என் வாப்பா சங்கு குளித்தவர். அவருடைய வாப்பா முத்துக்குளியில் இறங்கியவர். கயிற்றின் நுனியில் கல்லைக் கட்டி, அந்தக் கனத்தில் மூச்சடக்கிக் கீழே போவதும், மேலே தோணியில் ஒருவர் கயிற்றைப் பிடித்து நிற்பதும் எங்கள் வீட்டில் பலமுறை சொல்லப்பட்ட கதை. கலிம்னோஸின் துறைமுக ஊரான போத்தியாவில், கரையோரமாகவே ஒரு கடல்சார் அருங்காட்சியகம் இருக்கிறது. அங்கே தட்டையாக, ஓரம் மழுங்கச் செதுக்கிய கல் ஒன்றை வைத்திருக்கிறார்கள். 'ஸ்கந்தலோபெத்ரா' என்பார்கள். அதைக் கையில் பிடித்துத்தான் அவர்களும் இறங்கினார்கள், மேலே கயிறு பிடிக்க ஆள் வைத்துக்கொண்டு. அதன் முன்னால் நான் நெடுநேரம் நின்றேன். பக்கத்துத் தீவான சிமியைச் சேர்ந்த ஒருவர் 1913இல் இப்படிக் கல்லோடு 70 மீட்டருக்கும் கீழே போய், அறுந்து விழுந்த இத்தாலியப் போர்க்கப்பல் நங்கூரத்துக்குக் கயிறு மாட்டிவிட்டு வந்திருக்கிறார். காற்றுக்குழாய் இல்லை, குளிகாரர் உடை இல்லை, ஒரே மூச்சு.

அதே கூடத்தில் பித்தளைத் தலைக்கவசங்களும் ரப்பர் உடைகளும் இருக்கின்றன. 1860களில் இந்த உடை வந்ததும் ஆழத்தில் நெடுநேரம் இருந்து நிறையக் கடற்பஞ்சு அறுக்க முடிந்தது, பணம் கொட்டியது. ஆனால் ஆழத்தில் அழுத்தத்தால் ரத்தத்தில் கரையும் நைட்ரஜன், ஆள் வேகமாக மேலே வந்தால் உடம்புக்குள்ளேயே குமிழிகளாகிவிடும் என்பது அப்போது அவர்களுக்குத் தெரியாது. எத்தனை ஆழத்திலிருந்து எவ்வளவு மெதுவாக ஏற வேண்டும் என்ற கணக்கை ஹால்டேன் என்ற விஞ்ஞானி வெளியிட்டது 1908இல்தான். அதற்குள் ஏகப்பட்ட பேர் செத்தார்கள், அதைவிட அதிகம் பேர் கால் விளங்காமல் போனார்கள். அந்தத் தீவில் 'மிகானிகோஸ்' என்று ஒரு நடனம் உண்டு. வரிசையின் முன்னால் ஆடுகிறவர் கையில் தடி ஊன்றி, கால் நடுங்க நடுங்க, முடமான குளிகாரரைப் போல ஆடுவார். திருவிழாவில் வாய்த்தால் தவறவிடாதீர்கள். நம் பக்கத்திலும் மேலே படகிலிருந்து காற்று வரும் கம்ப்ரசர் குழாயைக் கடித்துக்கொண்டு ஆழத்துக்குப் போகிற தம்பிகள் இருக்கிறார்கள். அவர்கள் ஒருமுறையாவது இந்தக் கதையைக் கேட்க வேண்டும் என்று மனசார விரும்புகிறேன். வேகமாக ஏறாதீர்கள்.

ஏதென்ஸில் எல்லோரும் பழைய கோயில்கள் இருக்கும் அக்ரோபோலிஸ் குன்றில் ஏறுவார்கள், நீங்களும் ஏறுங்கள். அப்புறம் தேசியத் தொல்லியல் அருங்காட்சியகத்துக்குக் கட்டாயம் போங்கள். அங்கே கண்ணாடிப் பெட்டிக்குள் பச்சை படிந்த வெண்கலத் துண்டுகள் இருக்கும். சூரியன், சந்திரனின் ஓட்டத்தைப் பற்சக்கரங்களால் கணித்துக் காட்டிய, இரண்டாயிரம் ஆண்டுக்கும் பழைய அந்திகித்தெரா கருவி. அது கிடந்த கப்பலை 1900இல் கண்டுபிடித்தது சிமித் தீவின் கடற்பஞ்சுக் குளிகாரர்கள். முதலில் இறங்கியவர், கீழே பிணங்கள் கிடக்கின்றன என்று பதறி மேலே வந்தார். உண்மையில் அவை சிலைகள். அங்கே அந்தச் சரக்கையெல்லாம் பார்த்துக்கொண்டு நிற்கையில் எனக்கு நம் மன்னார் வளைகுடா நினைவு வந்தது. கி.பி. முதல் நூற்றாண்டில் கிரேக்க மொழியில் எழுதப்பட்ட ஒரு கடல்வழிக் குறிப்பு, பாண்டிய நாட்டின் முத்துக்குளியைப் பேசுகிறது. குற்றவாளிகளைத்தான் கடலில் இறக்கினார்கள் என்கிறது. யார் பெயரும் அதில் இல்லை. நம் குளிகாரர்களின் கல்லையும் கயிற்றையும் சேர்த்து வைக்க நம் கரையில் ஓர் அறையாவது வேண்டும்.

சரி, சாப்பாடு. கடற்கரை உணவகங்களில் பேய்க்கணவாயைக் கொடியில் துணிபோலத் தொங்கவிட்டு வெயிலில் காயவைத்திருப்பார்கள். நம் பக்கம் அதை ஏற்றுமதிக்கு அனுப்புவதோடு சரி, எங்கள் வீட்டில் உம்மா ஒருநாளும் சமைத்ததில்லை. அங்கே கரித்தணலில் சுட்டு, ஆலிவ் எண்ணெயும் வினிகரும் விட்டுத் தருவார்கள். ஓரம் மொறுமொறுவென்று, உள்ளே மெத்தென்று இருக்கும். சில கடைகளில் ஒயினில் வேகவைப்பார்கள், வேண்டாதவர்கள் முன்பே கேட்டுக்கொள்ளுங்கள். மீனுக்குப் பெரும்பாலும் கிலோவுக்கு விலை போடுவார்கள். உள்ளே போய் மீனைப் பார்த்து, கண் முன்னால் எடை போட்ட பிறகு அடுப்பில் ஏற்றச் சொல்லுங்கள். யாரும் கோபித்துக்கொள்ள மாட்டார்கள். பட்டியலில் பெயருக்குப் பக்கத்தில் நட்சத்திரக் குறி இருந்தால் அது பெரும்பாலும் உறையவைத்த சரக்கு.

கலிம்னோஸுக்கே உரியவை இரண்டு. மிர்மிஸெலி என்பது வாற்கோதுமை ரஸ்க்கை நனைத்து, தக்காளி, வெங்காயம், பாலாடைக்கட்டி சேர்த்து ஆலிவ் எண்ணெய் ஊற்றியது. வெயில் நேரத்துக்கு அதுபோல் வேறில்லை. இன்னொன்று ஸ்பினியாலோ. பாறையில் ஒட்டி வளரும் ஒரு கடலுயிரின் சதையைக் கடல்நீரோடு பாட்டிலில் அடைத்து வைப்பது, படகில் மாதக்கணக்கில் இருந்தவர்களின் உணவு. கடலை அப்படியே குடிக்கிற மாதிரி உப்பு. எனக்குப் பிடித்தது, எல்லோருக்கும் பிடிக்கும் என்று சொல்ல மாட்டேன்.

ஹலால் இறைச்சி தேடுகிறவர்களுக்குச் சின்னத் தீவுகள் சிரமம். மீனும், ஆலிவ் எண்ணெயில் சமைத்த காய்கறியும், பயறும் போதும் என்று இருந்துவிடுங்கள். கலிம்னோஸுக்குப் பக்கத்திலுள்ள கோஸ் தீவின் பிளாத்தானி கிராமத்தில் முஸ்லிம் குடும்பங்கள் இருக்கின்றன. ஏதென்ஸில் வோத்தானிகோஸ் பகுதியில் 2020இல் பள்ளிவாசல் திறந்தார்கள்.

பழக்கவழக்கத்தில் ஒன்றை மறக்காதீர்கள். "அஞ்சு" என்று காட்டவோ "கொஞ்சம் இரு" என்று சொல்லவோ ஐந்து விரலையும் விரித்து உள்ளங்கையை எதிராளி முகத்துக்கு நேரே நீட்டாதீர்கள். அங்கே அது பெரிய அவமதிப்பு. நம் ஆட்களுக்குக் கை தானாகப் போய்விடும், அதனால்தான் அழுத்திச் சொல்கிறேன். மதியம் இரண்டிலிருந்து ஐந்து வரை ஊர் தூங்கும், சத்தம் போடக் கூடாது. இரவுச் சாப்பாடு ஒன்பது மணிக்கு மேல்தான். கழிப்பறையில் காகிதத்தைக் குழிக்குள் போடாமல் பக்கத்துக் கூடையில் போட வேண்டும்.

ஐரோப்பாவின் பல நாடுகளுக்குப் பொதுவான ஷெங்கன் விசா வேண்டும். தோஹா அல்லது துபாய் வழியாக ஏதென்ஸ். அங்கிருந்து கோஸுக்கு விமானம், பிறகு அந்தத் தீவின் மஸ்திகாரி துறையிலிருந்து படகில் ஒரு மணி நேரத்துக்குள் கலிம்னோஸ். ஏதென்ஸை ஒட்டிய பிரேயஸ் துறைமுகத்திலிருந்து இரவுக் கப்பலும் உண்டு. ஜூலை, ஆகஸ்டில் மெல்தெமி என்ற வடக்குக் காற்று பிடித்துக்கொள்ளும். நம் வாடை மாதிரி மழையோடு வராது, வானம் தெளிவாகவே இருக்கும். ஆனால் கப்பல்களை நிறுத்திவிடுவார்கள். திரும்பும் விமானத்துக்கு முந்தைய நாளே தீவை விட்டு வந்துவிடுங்கள். மே, செப்டம்பர் நல்ல மாதங்கள். பாறையேறுகிறவர்கள் உலகம் முழுவதிலிருந்தும் வரும் தீவு என்பதால், அப்போதும் கடைகள் திறந்திருக்கும்.

வீட்டுக்கு என்ன வாங்கலாம் என்றால், தைம் என்ற மூலிகையின் பூத்தேனும் கடற்பஞ்சும். 1986இல் வந்த நோயால் மத்தியதரைக் கடலின் கடற்பஞ்சு பெரும்பகுதி அழிந்தது. அதனால் கடைகளில் வெளிநாட்டுச் சரக்கும் கலந்திருக்கும். "இது இந்தக் கடலில் எடுத்ததா?" என்று கேட்டு வாங்குங்கள். பளபளவென்று மஞ்சளாக இருப்பது வெளுத்தது, சீக்கிரம் பிய்ந்துபோகும். பழுப்பு நிறத்தில் இருப்பதை எடுங்கள்.