திருமுடிவாக்கத்தில் பத்து நாட்கள்

பத்து நாள் விபாசனா தியான முகாமுக்கான விண்ணப்பத்தில் உடல்நலம், மனநலம், உட்கொள்ளும் மருந்துகள் ஆகியவற்றைப் பற்றி விரிவாகக் கேட்கிறார்கள். மூன்று ஆண்டுகளாக என்னை வருத்தும் வலது முழங்கால் வலியை நான் அதில் எழுதவில்லை. எழுதினால் இடம் கொடுக்க மாட்டார்களோ என்ற அச்சமே அதற்குக் காரணம். முகாமைப் பற்றி எழுத உட்காரும்போது முதலில் நினைவுக்கு வருவது அந்த விடுபட்ட வரிதான்.

பல்லாவரத்திலிருந்து திருநீர்மலை வழியாகச் சென்றால் திருமுடிவாக்கத்தில் தம்ம சேது என்னும் விபாசனா மையம் இருக்கிறது. பிற்பகலில் போய்ச் சேர்ந்ததும் கைப்பேசி, பணப்பை, புத்தகம், பேனா அனைத்தையும் ஒப்படைத்தோம். ஆண்களுக்கும் பெண்களுக்கும் தங்குமிடம், உணவுக்கூடம், நடைபாதை எல்லாம் தனித்தனி. அன்று மாலையே சீலங்கள் எனப்படும் ஐந்து ஒழுக்க நெறிகளை ஏற்றுக்கொண்டு உன்னத மௌனத்தில் நுழைந்தோம். பேச்சு மட்டுமல்லாமல் சைகையும் கண்ஜாடையும்கூட அதில் விலக்கப்பட்டவை. மேலாளரிடம் தேவைகளைச் சொல்லலாம். ஆசிரியரிடம் பயிற்சி குறித்துக் கேட்கலாம். வாயைத் திறந்தால்தானே பொய் வரும், பொய் சொல்லாமை என்ற சீலத்தைக் காப்பதற்கும் இந்த மௌனம் துணை என்று விளக்கினார்கள். படிவத்தில் நான் எழுதாமல் விட்டது அப்போது உறுத்தியது.

விடியற்காலை நான்கு மணிக்கு மணி அடிக்கும். நான்கரை முதல் ஆறரை வரை தியானம், பிறகு காலை உணவு, எட்டிலிருந்து பதினொன்று வரை மீண்டும் தியானம், பதினொன்றுக்கு மதிய உணவு. பிற்பகல் ஒன்று முதல் ஐந்து வரை மறுபடியும் உட்கார வேண்டும். மாலையில் புதிய மாணவர்களுக்குத் தேநீரும் பொரியும் பழமும் கிடைக்கும். ஏற்கெனவே முகாம் முடித்த பழைய மாணவர்களுக்கு எலுமிச்சை நீர் மட்டும். இரவு உணவு கிடையாது. ஒரு நாளில் பத்து மணி நேரத்துக்கு மேல் உட்கார்ந்திருக்கிறோம் என்பது கணக்குப் போட்டுப் பார்த்தபோதுதான் எனக்கே புரிந்தது.

முதல் மூன்றரை நாட்கள் ஆனாபானம் என்னும் மூச்சைக் கவனிக்கும் பயிற்சி மட்டுமே. மூச்சை இழுக்கவோ அடக்கவோ எண்ணவோ கூடாது. இயல்பாக வந்துபோகும் மூச்சை நாசி வாயிலில் கவனிக்க வேண்டும். கவனிக்கும் இடம் நாளுக்கு நாள் சுருங்கி, மூன்றாம் நாளில் மேலுதட்டுக்கு மேலுள்ள சிறு பகுதியாகிவிடுகிறது. பத்து மூச்சு வரைகூட மனம் அங்கே தங்கவில்லை. முப்பத்திரண்டு ஆண்டுகள் அலுவலகத்தில் யார் யார் என்னிடம் என்ன சொன்னார்கள் என்பதெல்லாம் வரிசையாக வந்து நின்றது.

இரண்டாம் நாள் நண்பகலில், உதவி ஆசிரியரைத் தனியே சந்திக்கும் நேரத்தில், முழங்கால் வலியை எழுதாமல் மறைத்ததைச் சொன்னேன். "முன்னாடியே சொல்லியிருக்கலாமே அம்மா, அதுக்கு ஏற்பாடு இருக்கே" என்றார். அன்று பிற்பகலே கூடத்தின் பின்வரிசையில் எனக்கு ஒரு நாற்காலி போட்டார்கள். கேட்டிருந்தால் முதல் நாளே கிடைத்திருக்கக்கூடிய நாற்காலி அது.

நான்காம் நாள் பிற்பகல் விபாசனா கற்றுத்தரப்பட்டது. உச்சந்தலையிலிருந்து உள்ளங்கால் வரை கவனத்தை மெல்ல நகர்த்தி, சூடு, அரிப்பு, துடிப்பு, மரத்துப்போதல் என எது தென்பட்டாலும் விரும்பாமலும் வெறுக்காமலும் பார்த்துச் செல்வதே பயிற்சி. அதற்குப் பிறகு நாளுக்கு மூன்று கூட்டுத் தியானங்கள் அதிஷ்டானம் ஆகிவிடுகின்றன: ஒரு மணி நேரம் கண்ணைத் திறக்காமல், கையையும் காலையும் அசைக்காமல் இருப்பதாக உறுதி பூண வேண்டும். நாற்காலியில் இருந்தும் ஐந்தாம் நாள் காலை நாற்பது நிமிடத்துக்கு மேல் என்னால் முடியவில்லை, காலை நீட்டிவிட்டேன். பிற்பகலிலும் அப்படியே. மாலையில் வலி வந்தபோது, வலி முழங்கால் முழுவதும் இல்லை, உள்பக்கத்தில் ஓர் எலுமிச்சை அளவு இடத்தில் மட்டும் இருக்கிறது என்று முதன்முறையாகக் கண்டேன். அந்த இடமும் ஒரே மாதிரி இருக்கவில்லை. எரிந்தது, இழுத்தது, சற்று அடங்கியது, மீண்டும் எழுந்தது. 'அனிச்சா' என்று ஒலிப்பதிவில் திரும்பத் திரும்பக் கேட்ட சொல்லின் பொருள், நிலையாமை, அப்போது என் காலில் இருந்தது. மணி முடியும் வரை நான் அசையவில்லை. வலி போகவில்லை என்பதையும் சொல்லியாக வேண்டும். வலியோடு சேர்ந்து வழக்கமாக வரும் பதற்றம்தான் வரவில்லை.

மாலை உரைகளை, இம்முகாம்களைத் தொடங்கிய ஆசிரியர் எஸ்.என். கோயங்கா வழங்குகிறார். அவர் 2013இல் மறைந்தபின்னும் ஒலிப்பதிவுகள் வழியாகவே முகாம்கள் நடக்கின்றன. மாண்டலேயில் 1924இல் பிறந்த அவர், தீராத ஒற்றைத் தலைவலிக்கு வழி தேடிப்போய், 1955இல் சயாஜி (ஆசிரியர்) ஊ பா கின்னிடம் இந்தப் பயிற்சியைக் கற்றார். ஊ பா கின் பர்மாவின் தலைமைக் கணக்காயராக இருந்துகொண்டே தியானம் கற்பித்தவர், தம் அலுவலக ஊழியர்களுக்கும் கற்றுக்கொடுத்தவர். கணக்குப் பிரிவில் வேலை செய்து ஓய்வு பெற்ற எனக்கு, பேரேடுகளுக்கு நடுவில் ஒருவர் இதைக் காப்பாற்றி வைத்திருந்தார் என்பது பெரிய ஆறுதலாக இருந்தது. கோயங்கா 1969இல் இந்தியாவுக்கு வந்து முகாம் நடத்தினார் என்றும், இந்தியாவில் மறைந்துபோயிருந்த இந்தப் பயிற்சி அவ்வாறு திரும்பி வந்தது என்றும் உரையில் கேட்டபோது கண் கலங்கியது.

பத்தாம் நாள் காலை, எல்லோருக்கும் நல்லெண்ணம் செலுத்தும் மைத்ரி தியானம் கற்றபின் மௌனம் கலைந்தது. அடுத்த அறையில் இருந்தவரின் இருமலும் செருப்பொலியும் எனக்குப் பழக்கமாகியிருந்தன. அவர் பெயர் அன்றுதான் தெரிந்தது. தங்குவதற்கும் உண்பதற்கும் கட்டணம் இல்லை. ஏற்கெனவே ஒரு முகாமை முடித்தவர்கள் தரும் தானத்தில்தான் அடுத்தவருக்கான முகாம் நடக்கிறது. முடிக்காதவரிடம் தானம் வாங்குவதில்லை. முன்பின் அறியாத யாரோ எனக்குப் பத்து நாள் சோறு போட்டிருக்கிறார்கள் என்பதை நினைத்துக்கொண்டு, என்னால் இயன்றதைக் கொடுத்தேன்.

எட்டு மாதம் கழித்து தம்ம சேவகியாக, அதாவது முகாமுக்குத் தொண்டு செய்பவளாகச் சென்றேன். காய் நறுக்குவது, உணவுக்கூடத்தைத் துடைப்பது, மூன்று கூட்டுத் தியானங்களில் உட்காருவது என்று நாட்கள் நகர்ந்தன. அம்முகாமில் ஓர் இளம்பெண் மூன்றாம் நாள் இரவு அழுதுகொண்டிருந்தாள். சமாதானம் சொல்ல வாய் துடித்தது. ஆனால் அவளை உதவி ஆசிரியரிடம் அழைத்துச் செல்வது மட்டுமே என் வேலை. கதவருகே விட்டுவிட்டு வெளியே காத்திருந்தேன்.

வரும் மாதம் மீண்டும் பத்து நாள் முகாமுக்கு விண்ணப்பித்திருக்கிறேன். உடல்நலம் குறித்த கேள்விக்கு, வலது முழங்கால் என்று தொடங்கி நான்கு வரி எழுதியிருக்கிறேன்.