ஒரு வடிகாலுக்கு நான்கு வரைபடங்கள்

பத்து வருடமாக ஒரே நிலத்தைத் திரும்பத் திரும்ப வரைந்துகொண்டிருக்கிறேன். அமெரிக்காவின் அயோவா மாநிலத்தின் வடபகுதியில் 320 ஏக்கர், மக்காச்சோளமும் சோயாவும். என் கணினியில் அதற்கு நான்கு கோப்புகள்: 2015, 2020, 2023 ஜனவரி, 2023 செப்டம்பர். நிலம் அப்படியேதான் இருக்கிறது. சட்டப்படி 'அமெரிக்காவின் நீர்நிலைகள்' என்றால் என்ன என்பதுதான் நான்கு தடவை மாறியது.

1972ஆம் ஆண்டு வந்த தூய நீர்ச் சட்டம் அந்தச் சொல்லை விளக்காமலே விட்டுவிட்டது. ஒரு ஓடை அதற்குள் வந்தால், அதில் மண் கொட்ட ராணுவப் பொறியாளர் படையிடம் அனுமதி வாங்க வேண்டும். உழுவது, விதைப்பது, வடிகாலைத் தூர்வாருவது இதற்கெல்லாம் விலக்கு உண்டு. ஆனால் நிலத்தைப் புதிய பயன்பாட்டுக்குக் கொண்டுவர வேலை செய்து, அதனால் நீரோட்டம் தடைபட்டால் அந்த விலக்கு கைகொடுக்காது.

2015இல் என்னைக் கூப்பிட்ட பெரியவருக்கு அப்போது எழுபது வயது. அந்தச் சொல்லை விளக்க வந்த புது விதியில் 100 அடி, 1,500 அடி என்று தூரங்கள் இருந்தன. நான் ஓடைக்கு இரண்டு பக்கமும் அந்தத் தூரத்துக்குப் பட்டை, அதாவது பஃபர், போட்டுச் சிவப்பு அடித்துக் கொண்டுபோனேன். ஒரு மைல் ஓடைக்கு நூறடி பஃபர் என்றால் 24 ஏக்கர்தான். 1,500 அடி என்றால் 363 ஏக்கர், அவருடைய மொத்த நிலத்தையும் விழுங்கிவிடும். படத்தில் விரல் வைத்து, "என் வீடும் சிவப்புக்குள்ள இருக்கே?" என்றார்.

தப்பு என்னுடையது. விதி பேசியது அந்தத் தூரத்துக்குள் கிடக்கும் நீர்நிலைகளைப் பற்றி. காய்ந்த நிலத்தைப் பற்றி அல்ல. அந்த 1,500 அடியும் நூறாண்டு வெள்ளச் சமவெளிக்குள் (ஒரு வருடத்தில் வர நூறில் ஒரு வாய்ப்புள்ள பெருவெள்ளம் பரவும் இடம்) மட்டும்தான். நான் அந்த எல்லையை வெட்டவே இல்லை. அந்த வருடம் இதுமாதிரி நிறைய வண்ணப்படங்கள் சுற்றின. ஒன்றை நானும் சேர்த்தேன் என்பதில் இன்றும் கூச்சம்தான்.

சரி, பஃபரை அழித்தாயிற்று. உள்ளே இருக்கும் கோடுகள்? தேசிய நீரியல் தரவில் உள்ள நீலக் கோடுகளில் பெரும்பாலானவை பழைய நில அளவைத் தாள்களிலிருந்து ஏற்றப்பட்டவை. அவர் நிலத்தில் ஒரு நீலக் கோடு இப்போது சோளத்துக்கு நாலடி கீழே குழாயாக ஓடுகிறது. இங்கே அதை டைல் என்பார்கள். துளையிட்ட குழாய், வேர்ப்பகுதியில் தேங்கும் தண்ணீரை இழுத்துவிடும். தெற்கே ஸ்கேல் வைத்து இழுத்ததுபோல நேராக ஒரு வடிகால். அதை ஓடையின் தடத்திலேயே வெட்டினார்களா, வெறும் நிலத்திலா? 2015 விதிப்படி இது பெரிய கேள்வி.

1930களின் வான்படத்தைத் திறந்தால் அப்போதே வடிகால் இருக்கிறது. இன்னும் பின்னால் போய், 1850களின் அளவைக் குறிப்பைத் தேடினேன். வடக்கு எல்லையில் 'ஓடை, 8 லிங்க்' என்று இருந்தது. நம்மூர் பழைய புலப்படத்தில் வரும் அதே லிங்க்தான். எட்டு லிங்க் ஐந்தடிக்குச் சற்று மேல். தெற்கு எல்லையில் ஓடையே இல்லை, 'சதுப்பு' என்று ஒரு சொல். அளவைக்காரர்கள் எல்லைக் கோட்டின்மீது மட்டும் நடந்தார்கள். நடுவே அவர்கள் வரைந்த நெளிவு வெறும் ஊகம். அந்த ஊகத்தை வைத்து நான் இன்னொரு ஊகம் வரைந்தேன்.

தஞ்சாவூர்ப் பக்கம் வளர்ந்தவனுக்கு வாய்க்கால் வேறு, வடிகால் வேறு. மாற்றிச் சொன்னால் சிரிப்பார்கள். இங்கே தண்ணீர் கொண்டுவரும் கவலையே இல்லை, வெளியேற்றுவதுதான் பாடு. எல்லாப் பள்ளத்துக்கும் ஒரே சொல்.

அதற்குள் நீதிமன்றம் அந்த 2015 விதியை நிறுத்திவைத்தது. 2020இல் குறுகலான ஒன்று வந்தது, 2021இல் அதுவும் ரத்து. 2023 ஜனவரியில் இன்னொன்று வந்தது. அதே வருடம் மே மாதம், சாக்கெட் என்ற தம்பதி தொடுத்த வழக்கில் உச்ச நீதிமன்றத் தீர்ப்பு வந்து, விதியை மறுபடி திருத்தினார்கள். ஓரளவாவது நிலையாக ஓடும் தண்ணீர் என்றால்தான் கணக்கில் வரும் என்றது தீர்ப்பு. மழைக்கு மட்டும் ஓடுபவை போயின.

ஆக இப்போது கேள்வி, வடிகால் வருடத்தில் எத்தனை மாதம் ஓடுகிறது என்பது. என் வரைபடத்தின் எந்த லேயரிலும் அது இல்லை. பெரியவரின் டைரியில் இருந்தது. 2012 வறட்சியில் கோடை முழுக்க வறண்டிருக்கிறது. மற்ற வருடங்களில் ஆகஸ்ட் வரை கசிவு. மழை நின்று வாரக்கணக்கில் ஓடுவது எப்படி என்று கரையில் நடந்து பார்த்தோம். பதினொரு டைல் வாய்கள். அவரும் அவர் அப்பாவும் போட்டவை. குழாய்க்குள் இருக்கும்வரை அது நிலத்தடி நீர், 2015 விதியே அதை வெளிப்படையாக விலக்கியிருந்தது. வடிகாலில் விழுந்தபிறகு அதுதான் வடிகாலை ஓட வைக்கிறது.

"அப்ப நான் போட்ட குழாயே என்னை மாட்டிவிடுதா?" என்றார். 'ஆகலாம்' என்பதற்கு மேல் என்னிடம் பதில் இல்லை. பொறியாளர் படை அதிகாரபூர்வமாகத் தீர்மானித்துச் சொல்லும், கட்டணம் கிடையாது, ஐந்து வருடம் செல்லும், விண்ணப்பிக்கலாமே என்றேன்.

"கேட்டா பதில் சொல்லிடுவாங்களே," என்றார்.

நான்காவது கோப்பில் வடிகாலைச் சாம்பல் நிறத்தில் விட்டிருக்கிறேன்.