எடை குறைந்த லைட் ஸ்டாண்ட்: இரண்டு வாங்கிப் பார்த்த அனுபவம்

வெளியிடங்களில் ஆட்களைப் படம் எடுக்க ஆரம்பித்தபோது என்னிடம் இருந்தது ஸ்டுடியோவுக்கான பெரிய லைட் ஸ்டாண்ட், அதாவது விளக்கை உயரத்தில் நிறுத்தும் கால்வைத்த தண்டு. மடித்தாலும் ஒரு மீட்டர் நீளம் வரும். எந்தப் பைக்குள்ளும் நுழையாது, கையில் பிடித்துக்கொண்டேதான் நடக்க வேண்டும். நாலு இடம் மாறிப் படம் எடுக்கும் நாளில் அதுவே பாதி உழைப்பு.

நான் ஏற்றுவது பெரிய விளக்கு இல்லை. பேட்டரிகளோடு அரை கிலோ வரும் ஃபிளாஷ், அதைப் பிடிக்கும் பிராக்கெட், வெளிச்சத்தை மென்மையாக்கும் 110 செ.மீ. வெள்ளைக் குடை, அவ்வளவுதான். அதனால் எடையை மட்டும் பார்த்து முதல் ஸ்டாண்டை வாங்கினேன். ஐந்து அடுக்கு, கால்கள் மேல்நோக்கித் திரும்பித் தண்டோடு ஒட்டி மடங்கும் வகை. மடித்தால் 50 செ.மீ., எடை ஒரு கிலோவுக்கும் கீழே. முதுகுப்பைக்குள் முழுதாக அடங்கியதில் அத்தனை சந்தோஷம்.

வீட்டுக்குள் குறையே இல்லை. மேல் அடுக்கு மெல்லியது, லேசாகத் தட்டினாலும் சில நொடி ஆடும். ஆனால் ஃபிளாஷ் வெளிச்சம் கண்ணிமைப்பதற்குள் முடிந்துவிடுவதால் படத்தில் அந்த ஆட்டம் தெரியாது. தொடர்ந்து எரியும் எல்.இ.டி. விளக்கை வைத்து வீடியோ எடுத்தால் நிழல் ஆடுவது நன்றாகவே தெரியும்.

பிறகு ஒரு மாலை திறந்தவெளியில் 2 மீட்டருக்கு உயர்த்தி, குடையை விரித்தேன். இளங்காற்றுதான் அடித்தது. அப்படியே சாய்ந்து விழுந்தது. குடைக் கம்பி ஒன்று வளைந்தது, ஃபிளாஷின் அடிப்பாகம் உடைந்தது. மனசுக்குக் கஷ்டமாகத்தான் இருந்தது.

அன்றிரவு உட்கார்ந்து கணக்குப் போட்டேன். அந்தக் குடையின் பரப்பு கிட்டத்தட்ட 1 சதுர மீட்டர். மணிக்கு 18 கி.மீ. காற்று நேராக மோதினால், ஏறக்குறைய ஒன்றரை கிலோ எடைக்குச் சமமான விசை தள்ளும். என் ஸ்டாண்டின் கால் நடுத்தண்டிலிருந்து 45 செ.மீ. நீள்கிறது. கால் இருக்கும் திசையில் காற்று தள்ளினால் அந்த 45 செ.மீ. முழுக்கப் பிடிமானம். இரண்டு கால்களுக்கு நடுவே தள்ளினால் அதில் பாதிதான். அன்று விழுந்தது சரியாக அந்த நடுவில்தான். 2 மீட்டர் உயரத்தில் அது தாங்க வேண்டுமானால் ஸ்டாண்டும் அதில் ஏற்றும், தொங்கவிடும் பாரமும் சேர்ந்து மொத்தம் 14 கிலோவாவது வேண்டும். காலைத் திருப்பி வைத்தால் 7 கிலோ. அதோடு 1.2 மீட்டருக்கு இறக்கினால் 4 கிலோ போதும்!

அடுத்த முறை அப்படியே செய்தேன். காற்று போகும் பக்கம் ஒரு கால், உயரம் 1.2 மீட்டர், கேமரா பையைத் தண்டில் தரையை ஒட்டித் தொங்கவிட்டேன். படம் எடுக்கப்படுபவரை உட்கார வைத்து, விளக்கைப் பக்கத்தில் கொண்டுவந்தேன். தூரம் பாதியானால் வெளிச்சம் நான்கு மடங்கு, அதனால் ஃபிளாஷின் சக்தியை இரண்டு ஸ்டாப், அதாவது நான்கில் ஒரு பங்காக, குறைக்க முடிந்தது. ஸ்டாண்ட் நின்றது. ஆனாலும் திடீரென வீசும் காற்றுக்குப் பயந்து ஒரு கையை அதன் மேலேயே வைத்திருந்தேன்.

அப்புறம்தான் இரண்டாவது ஸ்டாண்ட். நாலு அடுக்கு, மடித்தால் 65 செ.மீ., எடை சுமார் ஒன்றேகால் கிலோ, கால்கள் இன்னும் அகலமாக விரியும். வாங்குமுன் உச்சியில் பிராக்கெட்டை மாட்டும் 16 மி.மீ. முளை இருக்கிறதா என்றும் பார்த்தேன். சில சின்ன ஸ்டாண்டுகளில் வெறும் கால் அங்குலத் திருகு மட்டுமே இருக்கும், குடை பிராக்கெட் அதில் உறுதியாக உட்காராது. பைக்கு வெளியே பட்டையில் கட்டித்தான் இதைத் தூக்க வேண்டியிருக்கிறது, பரவாயில்லை.

ஒன்றை மட்டும் வாங்கப் போகிறவருக்கு இரண்டாவதைத்தான் சொல்வேன். கூடுதல் கால் கிலோவை முதுகு உணரவே இல்லை. 50 செ.மீ. ஸ்டாண்டை வீட்டுக்குள் எடுக்கும் படங்களுக்கு வைத்திருக்கிறேன். வெளியே அதைக் கொண்டுபோனால் குடையை வீட்டிலேயே விட்டுவிட்டு, வெறும் ஃபிளாஷை மட்டும் மாட்டுகிறேன்.