மேலே ஒரு ஸ்லொட், கீழே ஒரு ஸ்லொட்

சனிக்கிழமை பின்னேரம் மருமகன் வந்தான். கோண்டாவிலில் இருந்து கொக்குவில் வரைக்கும், சைக்கிள் கரியரில் கணினியைப் படுக்க வைத்து, அக்காவின் பழைய சேலையால் சுற்றிக் கட்டிக்கொண்டு வந்திருந்தான். விறாந்தையில் இறக்கி வைத்ததும் முதல் வார்த்தை:

“மாமா, இதற்குப் புதிய பயோஸ் ஏற்றித் தாருங்கள். ஸ்லொட் ஜென் 4 ஆகிவிடுமாம்.”

பயோஸ் என்பது கணினியை மூட்டியதும் முதலில் ஓடும், போர்ட்டில் உள்ள சிப்பில் குடியிருக்கும் மென்பொருள். ஸ்லொட் என்பது கார்டைச் செருகும் பிசிஐ எக்ஸ்பிரஸ் இடம். ஜென் என்பது அந்த இணைப்பின் வேகத் தலைமுறை. லண்டனில் இருக்கும் அவனுடைய சித்தப்பா, உயர்தரப் பரீட்சை முடித்ததற்காக ஆர்எக்ஸ் 6500 எக்ஸ்டி கிராஃபிக்ஸ் கார்ட் ஒன்றை அனுப்பியிருந்தார். போர்ட், அதாவது பாகங்கள் எல்லாம் பொருத்தப்படும் மதர்போர்ட், பி450 வகை. புரொசெசர் ஏஎம்டி நிறுவனத்தின் ரைசன் 5 5600. விளையாடும்போது படம் இரண்டு விநாடிக்கு ஒருமுறை விக்குகிறதாம். கூட்டாளிகள் ஆராய்ந்து கண்டுபிடித்த காரணம், கார்ட் ஜென் 4, ஸ்லொட் ஜென் 3. மருந்து, பயோஸ்.

“ஆகாது” என்றேன். அவன் முகம் சுருங்கியது. இணையத்தில் சிலர் செய்து காட்டியிருக்கிறார்களே என்றான். படங்களைக்கூடத் தொலைபேசியில் வைத்திருந்தான். அந்தப் படங்கள் பொய் இல்லை என்பதுதான் இதில் உள்ள சிக்கல். நானே ஒரு காலத்தில் அப்படியொரு படம் எடுத்து வைத்திருந்தேன்.

பயோஸ் ஏற்றியதால் ஸ்லொட்டின் வேகம் கூடியதை என் கண்ணால் கண்டிருக்கிறேன். இன்டெல் புரொசெசர்களுக்கான பழைய எச்61 போர்ட் ஒன்று என்னிடம் இருந்தது. அதில் முதலில் இருந்தது 2011இல் வந்த சாண்டி பிரிட்ஜ் வகைப் புரொசெசர், ஸ்லொட் ஜென் 2. பிறகு கொழும்பில் இருந்து பழைய ஐ5-3470 ஒன்று கிடைத்தது. அது 2012இல் வந்த ஐவி பிரிட்ஜ். போர்ட்டுக்கு அதை அடையாளம் தெரியவில்லை. பயோஸைப் புதுப்பித்தேன், புரொசெசரை மாற்றினேன், ஜிடிஎக்ஸ் 1050 டிஐ கார்டைச் செருகினேன். கார்டின் விவரங்களைக் காட்டும் ஜிபியு-இசட் என்ற மென்பொருள் 3.0, அதாவது ஜென் 3, என்று காட்டியது. கணினிக்கடை எதற்கும் ஐந்து சதம் கொடுக்காமல் ஸ்லொட்டின் வேகம் ஏறக்குறைய இரட்டித்தது என்று வீடு முழுக்கச் சொல்லித் திரிந்தேன். அந்தக் கார்டுக்கு ஜென் 2 என்றாலும் ஒன்றுதான், ஜென் 3 என்றாலும் ஒன்றுதான் என்பது வேறு கதை.

அந்த வெற்றியைப் பயோஸின் கணக்கில் எழுதியதுதான் என் பிழை. எச்61இல் நீளமான ஸ்லொட்டின் செப்புத் தடங்கள் நேராகப் புரொசெசருக்கே போகின்றன. ஜென் 3 பேசும் சுற்று ஐவி பிரிட்ஜுக்கு உள்ளே இருந்தது. பயோஸ் அந்தப் புரொசெசரை வீட்டுக்குள் வர விட்டது, அவ்வளவே. அதே தலைமுறையின் விலை கூடிய போர்ட்களில் இரண்டு கார்டுகளுக்காகத் தடங்களைப் பிரித்துவிடும் சுவிட்ச் சிப்கள் நடுவில் இருந்தன. அவை ஜென் 2க்குச் செய்யப்பட்டவையாக இருந்தால் எந்தப் பயோஸாலும் பயனில்லை. மலிவு போர்ட் வென்று விலை கூடிய போர்ட் தோற்ற இடம் எனக்குத் தெரிந்து இது ஒன்றுதான்.

எச்61 வென்றதற்கு இன்னொரு காரணமும் உண்டு. ஜென் 2இன் வேகம் ஒரு லேனில் (தரவு போகும் ஒரு தனிப்பாதையில்) விநாடிக்கு 5 கிகா பரிமாற்றம். ஜென் 3க்கு அதை 10 ஆக்காமல் 8இல் நிறுத்திக்கொண்டார்கள். பழைய முறையில் எட்டு பிட் அனுப்பப் பத்து பிட் செலவாகும். புதிய முறையில் 128க்கு 130 போதும். 5ஐ 8 ஆக்கியதோடு வீண்செலவையும் குறைத்து வேகத்தை ஏறக்குறைய இரண்டு மடங்காக்கினார்கள். ஆகவே பழைய செப்புக்கு வந்த சுமை அவ்வளவு பெரியதல்ல. ஜென் 4இல் இந்தச் சிக்கனத்துக்கு இடம் மிஞ்சவில்லை. அது நேரே 16.

மருமகனுக்கு இதை நல்லூர்த் திருவிழாவை வைத்துச் சொன்னேன். ஒலிபெருக்கியில் காணாமற்போன பிள்ளையின் பெயரை அறிவிக்கிறார்கள். நிதானமாக ஒவ்வொரு சொல்லாகச் சொன்னால் வீதியின் அந்தத் தொங்கலில் நிற்பவருக்கும் விளங்கும். அதே அறிவிப்பை இரண்டு மடங்கு வேகத்தில் வாசித்தால் ஒரு சொல்லின் எதிரொலி அடுத்த சொல்லின் மேல் ஏறிவிடும். ஒலிபெருக்கிக்குப் பக்கத்தில் நிற்பவருக்குத் தெளிவாகக் கேட்கும், தூரத்தில் வெறும் இரைச்சல். வாசிப்பவருக்கு எவ்வளவு நல்ல கடதாசி எழுதிக் கொடுத்தாலும் வீதி குறுகாது. பயோஸ் என்பது அந்தக் கடதாசி. புரொசெசருக்கும் ஸ்லொட்டுக்கும் இடையில் உள்ள போர்ட்டின் பொருள், தடத்தின் நீளம், இணைப்புகளின் தரம், இவைதான் வீதி.

“அப்படியென்றால் அந்தப் படங்கள்?” என்றான். விடுகிற பிள்ளை இல்லை.

2019 யூலையில் ரைசன் 3000 வந்தபோது அதற்குள்ளேயே ஜென் 4 இருந்தது. எக்ஸ்570 போர்ட்கள் அதற்கென்றே செய்யப்பட்டவை. ஆனால் சில பழைய பி450, எக்ஸ்470 போர்ட்களுக்கு வந்த பயோஸ்களிலும் ஜென் 4 என்ற தெரிவு எட்டிப் பார்த்தது. எக்ஸ்570க்கு முந்திய போர்ட்களில் அதை ஆதரிக்கப் போவதில்லை என்று ஏஎம்டி அறிவித்தது. ஒரு போர்ட் தாங்கும், இன்னொன்று தாங்காது, வாங்குபவருக்கு எது எது என்று தெரியாது என்பதே காரணம். அடுத்தடுத்த பதிப்புகளில் அந்தத் தெரிவு எடுக்கப்பட்டுவிட்டது.

நான் விடவில்லை. எச்61 கொடுத்த தலைக்கனம் இன்னும் இறங்காத காலம். என்னுடைய பி450 போர்ட்டில் பழைய பயோஸையே வைத்துக்கொண்டு ஆர்எக்ஸ் 5500 எக்ஸ்டி கார்டைப் போட்டேன். எட்டு லேன் கார்ட். ஜிபியு-இசட்டில் 4.0 என்று வந்தது. படம் எடுத்தேன். மூன்றாம் நாள் திரை கறுத்து, தானாகவே திரும்ப வந்தது. பிறகு வாரத்துக்கு ஒரு தடவை. மின்சாரத்தைச் சந்தேகித்தேன், பவர் சப்ளையைச் சந்தேகித்தேன், ராம் நினைவகத்தைக் கழற்றித் துடைத்தேன். விண்டோஸின் நிகழ்வுப் பதிவேட்டைத் திறந்து பார்த்தபோதுதான் விளங்கியது. வன்பொருள் பிழைகளைப் பதியும் வியா-லொகர் (WHEA-Logger), இலக்கம் 17, நூற்றுக்கணக்கில், ஒன்றன் கீழ் ஒன்றாக. பிசிஐ எக்ஸ்பிரஸ் இணைப்பில் பிழை ஏற்பட்டு, திருத்தப்பட்டு, மறுபடி ஏற்பட்டு, மறுபடி திருத்தப்பட்டுக்கொண்டிருந்தது. பயோஸில் ஜென் 3 என்று மாற்றினேன். பதிவேடு வெறுமையாயிற்று, திரையும் கறுக்கவில்லை. “ஓடுகிறது” என்பதற்கும் “சரியாக ஓடுகிறது” என்பதற்கும் இடையிலான தூரத்தை நான் அந்தப் பதிவேட்டில் இருந்துதான் அளந்தேன். ஏஎம்டி அந்தத் தெரிவை எடுத்ததை அன்று திட்டினேன். இன்று என்னைக் கேட்டால் செய்தது சரி என்பேன்.

மருமகனுக்கு அந்தப் பழைய பயோஸை ஏற்றிச் சோதிக்கவும் வழியில்லை. அவனுடைய 5600 வந்தது 2022இல். 2019இன் பயோஸுக்கு அதைத் தெரியாது, திரையே வராது. ஜென் 4 காட்டிய பயோஸ் இந்தப் புரொசெசரை அறியாது, இந்தப் புரொசெசரை அறிந்த பயோஸ் ஜென் 4 காட்டாது. இவனுடையது இடையில் விழுந்த கணினி. புரொசெசரின் பெயரில் ஜி என்ற எழுத்து இருந்திருந்தால் பேச்சே எடுத்திருக்கத் தேவையில்லை. 3200ஜி, 5600ஜி போன்றவற்றில் ஜென் 3க்கு மேல் கிடையாது, எந்தப் போர்ட்டில் வைத்தாலும்.

(பின்னால் வந்த பயோஸ் ஜென் 4ஐத் திறந்துவிட்ட நேர்மையான உதாரணம் வேண்டும் என்றால் இன்டெலின் இசட்490. 2020இல் வந்த அந்தப் போர்ட்கள் பலவற்றில் ஜென் 4க்குத் தேவையான பாகங்களை முன்கூட்டியே வைத்திருந்தார்கள். 2021இல் பதினோராம் தலைமுறைப் புரொசெசர் வந்தது, பயோஸும் வந்தது, ஸ்லொட் வேகமெடுத்தது. வீதியை முதலில் போட்டுவிட்டு வாகனத்துக்குக் காத்திருந்தார்கள்.)

இவ்வளவும் பேசி முடிய அரை மணித்தியாலம் ஆகிவிட்டது. வெறுந் தேத்தண்ணீரும் பனங்கட்டியும் வந்து, போய்விட்டன. அப்போதுதான் எனக்கு உறைத்தது, கணினியை நான் இன்னும் மூட்டிப் பார்க்கவே இல்லை. திருத்துபவன் முதலில் வாயைத் திறக்கக்கூடாது, மூடியைத்தான் திறக்கவேண்டும் என்று மற்றவர்களுக்குப் புத்தி சொல்கிறவன் நான்.

மூட்டினோம். ஜிபியு-இசட் 1.1 என்று காட்டியது. “பார்த்தீர்களா, ஜென் 3கூட இல்லை” என்று துள்ளினான். அதற்குப் பயப்படத் தேவையில்லை. வேலை இல்லாத நேரத்தில் மின்சாரத்தை மிச்சம் பிடிக்கக் கார்ட் வேகத்தைத் தானே குறைத்துக்கொள்ளும். பக்கத்தில் உள்ள கேள்விக்குறியை அழுத்திச் சோதனையை ஓடவிட்டால் உண்மையான வேகம் வரும். அழுத்தினேன். நான் எதிர்பார்த்தது 3.0.

வந்தது 2.0.

சோதனையை இன்னொரு தடவை ஓடவிட்டேன். அதே 2.0. பக்கத்து மூடியைக் கழற்றினால் கார்ட் கீழ் ஸ்லொட்டில் இருக்கிறது.

“ஏனடா இங்கே செருகினாய்?”

“மேலே போட்டால் புரொசெசரின் சூடு கார்டுக்கு ஏறும் என்று நினைத்தேன், மாமா.”

இந்த வகைப் போர்ட்டில் நீளமான ஸ்லொட்கள் இரண்டு உண்டு. பார்வைக்கு இரட்டைப் பிள்ளைகள். மேலே இருப்பது புரொசெசரோடு நேரடியாகப் பேசும், ஜென் 3. கீழே இருப்பது போர்ட்டின் துணைச் சிப்பான பி450 சிப்செட்டின் வழியாகப் போகும், ஜென் 2, அதிலும் நான்கு லேன் மட்டும். கையேட்டின் நடுப்பக்கத்தில் ஓர் அட்டவணையில் எழுதியிருப்பார்கள். அந்தக் கையேட்டை நானும் அவசியம் வந்தால்தான் பிரிப்பேன்.

6500 எக்ஸ்டி வடிவமைப்பிலேயே நான்கு லேன் கார்ட். ஜென் 4இல் விநாடிக்கு ஏறக்குறைய 8 கிகாபைட் கடத்தும். ஜென் 3இல் 4. ஜென் 2இல் 2. பதினாறு லேன் கார்டாக இருந்தால் ஒரு தலைமுறை இறங்குவது பெரிதாகத் தெரியாது. நான்கு லேனில் தெரியும். அதன் நினைவகம் 4 கிகாபைட்தான், நிரம்பி வழிந்தால் மிச்சம் எல்லாம் இந்த ஒடுங்கிய வாசலால்தான் போய்வர வேண்டும். அந்த விக்கல் அதுதான்.

மேல் ஸ்லொட்டுக்கு மாற்றினேன். தூசியை ஊதி, கிளிப் “டிக்” என்று பிடிக்கும்வரை அழுத்தி, ஆறு ஊசி வயரைச் சொருகினேன். 3.0. பயோஸில் தொட்டது, பழைய வழியில் கணினியை மூட்டும் சிஎஸ்எம் முறையை நிறுத்தி, கார்டின் நினைவகம் முழுவதையும் புரொசெசர் ஒரேயடியாக அணுக விடும் ‘அபவ் 4ஜி டீகோடிங்’, ‘ரீசைசபிள் பார்’ இரண்டையும் இயக்கியது மட்டும். இவை செப்பு சம்பந்தப்பட்டவை அல்ல, முகவரி ஒதுக்கும் விஷயம், ஆகவே பி450 போன்ற 400 வரிசைப் போர்ட்களுக்கும் பயோஸால் கொடுக்க முடிந்தது. அவனுடைய பயோஸில் ஏற்கெனவே இருந்தன, ஒருவரும் இயக்கவில்லை. பிறகு கார்டின் நினைவகத்தை நிரப்பும் விளையாட்டின் டெக்ஸ்சர் (மேற்பரப்புப் படங்கள்) அளவை உச்சத்தில் இருந்து நடுவுக்கு இறக்கச் சொன்னேன். முகத்தைச் சுளித்துக்கொண்டே இறக்கினான். பத்து நிமிடம் ஓட்டிப் பார்த்தோம். விக்கவில்லை.

“அப்போது பயோஸ் ஏற்றத் தேவையில்லையா?” என்று கடைசியாக ஒரு முறை கேட்டான். தெற்கே வானம் இருண்டு முழங்கிக்கொண்டிருந்தது. 2022 மின்வெட்டுக் காலத்தில், பாதி ஏற்றிய நிலையில் இறந்த போர்ட்களின் சிப்பைப் புரோகிராமர் கருவியால் கவ்வி உயிர்ப்பித்த இரவுகள் ஞாபகத்துக்கு வந்தன. தேவையில்லை என்றேன்.

மழைக்குப் பயந்து ஓட்டோவில் போனான். சைக்கிளும் சேலையும் இங்கேயே நிற்கின்றன. இரவு அக்கா தொலைபேசியில் கேட்டது சேலையைப் பற்றி மட்டும்தான், அது அவளுடைய தலைத்தீபாவளிச் சேலையாம். நாளை கொண்டுபோகவேண்டும். அந்தப் பழைய எச்61 இப்போது அவர்கள் வீட்டில்தான், அத்தானின் மேசையில். அதன் விசிறி சத்தம் போடுகிறது என்று மாசக்கணக்காகச் சொல்லிக்கொண்டிருக்கிறார்.