ஏழேகால் ஜீப்பும் பிளஸ் ஒன் சயன்ஸும்

பிப்ரவரி 11, 2025

அறிவியலில் பெண்களுக்கும் சிறுமிகளுக்கும் என்று ஐ.நா. சபை 2015-இல் அறிவித்த நாள் இன்று. பள்ளியின் காலைக் கூட்டத்தில் பேச வேண்டிய முறை எனக்கு வந்தது. ஒவ்வோர் ஆண்டும் மேரி கியூரியைப் பற்றி யாராவது பேசிவிடுகிறார்கள். நான் வானிலை அறிவியலாளர் அன்னா மாணியைப் பற்றிப் பேசினேன். கேரளத்து இடுக்கி மலையில் உள்ள எங்கள் வண்டிப்பெரியாரிலிருந்து பஸ்ஸில் அரை மணி நேரம் போனால் அவர் பிறந்த பீர்மேடு வந்துவிடும். ஆண்டு 1918. எட்டாவது பிறந்தநாளுக்கு வீட்டார் கொடுத்த வைரத்தோட்டை வேண்டாம் என்று சொல்லிவிட்டு, பிரிட்டானிகா கலைக்களஞ்சியத்தைக் கேட்டு வாங்கிக்கொண்ட சிறுமி.

சென்னையில் இயற்பியல் படித்தார். பெங்களூரில் சி.வி. ராமனின் ஆய்வகத்தில் வைரம், மாணிக்கக் கற்களின் ஒளிர்வை ஆராய்ந்து, தன் பெயரில் மட்டும் ஐந்து கட்டுரைகள் வெளியிட்டார். முதுகலைப் பட்டம் இல்லை என்ற காரணத்தால் முனைவர் பட்டத்தை மறுத்துவிட்டார்கள். அவர் அதோடு நின்றுவிடவில்லை. 1945-இல் லண்டன் போய் வானிலைக் கருவிகளைப் பற்றிக் கற்றார். 1948-இல் திரும்பி வந்து புணேயில் வானிலைத் துறையில் சேர்ந்தார். அதுவரை வெளிநாட்டிலிருந்து இறக்குமதியான கருவிகளை இங்கேயே செய்வதற்கு, ஏறக்குறைய நூறு கருவிகளின் வரைபடங்களை ஒழுங்குபடுத்திக் கொடுத்தார். திருவனந்தபுரம் அருகே தும்பா ராக்கெட் தளத்தில் 1963-இல் வானிலை ஆய்வுக்கூடம் அமைத்தவரும் அவர்தான்.

கூட்டம் கலையும்போது ஒன்பதாம் வகுப்புப் பெண் ஒருத்தி கேட்டாள்: "அவர்கள் வீட்டில் பணம் இருந்தது, இல்லையா டீச்சர்?" ஆம், இருந்தது. அப்பா பொறியாளர், ஏலக்காய்த் தோட்டங்களும் இருந்தன. அந்தப் பெண் கேட்டதில் நியாயம் இருக்கிறது. தேயிலைக் கொழுந்து எடுக்கிறவரின் மகளுக்கு வழி எது என்று சொல்லாமல் அன்னா மாணியை மட்டும் சொல்லிவிட்டுப் போனால் அந்தப் பேச்சு பாதியில் நின்றதுதான்.

பிப்ரவரி 22

செ. பற்றி எழுத வேண்டும். பொதுவில் போடும் குறிப்பு என்பதால் பெயர் வேண்டாம். இந்த ஓர் எழுத்து போதும். பத்தாம் வகுப்பு, தமிழ் மீடியம். அம்மா கொழுந்து எடுக்கிறார், அப்பா தோட்டத்துத் தொழிற்சாலையில் இருக்கிறார். எட்டாம் வகுப்பில் நுழைவுத் தேர்வு எழுதி லிட்டில் கைட்ஸ் மன்றத்தில் சேர்ந்தவள். கேரளத்துப் பள்ளிகளில் 2018 முதல் நடக்கும் இந்த மன்றத்தில் அனிமேஷன், நிரல் எழுதுதல், மின்னணுவியல் எல்லாம் கற்றுத் தருகிறார்கள். எங்கள் பிள்ளைகளின் கைக்கு ஆர்டுயினோ பலகை (நிரல் எழுதி இயக்கும் சிறு மின்னணுப் பலகை) வந்து சேர்ந்தது இந்த மன்றத்தால்தான்.

செ.யும் இன்னும் இரண்டு பெண்களும் சேர்ந்து ஒரு தானியங்கி மழைமானி செய்திருக்கிறார்கள். புனல் வழியாக வரும் நீர் ஒரு சிறு தொட்டியில் விழும். நிறைந்ததும் தொட்டி கவிழும். எதிர்ப்பக்கத்துத் தொட்டி மேலே வரும். ஒவ்வொரு கவிழ்ப்புக்கும் ஒரு காந்தம் ஸ்விட்சைக் கடந்துபோக, பலகை எண்ணிக்கையைக் குறித்துக்கொள்ளும். புனலின் விட்டம் 10 செ.மீ.; வாய்ப்பரப்பு 78.5 சதுர செ.மீ. 2 மி.லி. நீரில் தொட்டி கவிழ்ந்தால் அது ஏறத்தாழ 0.25 மி.மீ. மழை. மருந்துக்கடையில் வாங்கிய ஊசிக்குழாயால் சொட்டுச் சொட்டாக நீர் விட்டு, இரு பக்கத் திருகுகளையும் மாற்றி மாற்றித் திருகி அந்த 2 மி.லி.யைப் பிடித்தாள். இரண்டு மாலைகள் முழுதும் அதற்கே போயின. பக்கத்தில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தேன். அந்தப் பொறுமையை எந்தப் பாடநூலாலும் கற்றுக்கொடுக்க முடியாது.

நடுவில் ஒரு வாரம் கருவி எண்ணவே இல்லை. திறந்து பார்த்தால் உள்ளே எறும்புக்கூடு. மூவரும் சோர்ந்துபோனார்கள். அவர்களுக்கு ஆசாதிசாட் கதையைச் சொன்னேன். நாடெங்கும் 75 அரசுப் பள்ளிகளில் படிக்கும் 750 மாணவிகள் சேர்ந்து செய்த சிறிய செயற்கைக்கோள் அது. 2022 ஆகஸ்ட் 7 அன்று ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து இஸ்ரோவின் சிறிய ராக்கெட் வகையான எஸ்.எஸ்.எல்.வி.யின் முதல் ராக்கெட்டில் ஏறியது. இரண்டாம் கட்டம் பிரியும்போது எழுந்த அதிர்வை ராக்கெட்டின் கணினி உணர்கருவிகளின் பழுது என்று தவறாகக் கணிக்க, செயற்கைக்கோள் நிலையான சுற்றுப்பாதையை அடையாமல் வீணானது. மாணவிகள் மறுபடி செய்தார்கள். 2023 பிப்ரவரி 10 அன்று ஆசாதிசாட்-2 சுற்றுப்பாதையில் சேர்ந்தது. மதுரை மாவட்டம் திருமங்கலத்து அரசுப் பள்ளி மாணவிகளும் அந்த முயற்சியில் இருந்தார்கள் என்றதும் செ. நிமிர்ந்து உட்கார்ந்தாள். அவளுடைய அம்மாச்சி ஊர் உசிலம்பட்டி பக்கம்.

மார்ச் 27

எஸ்.எஸ்.எல்.சி. தேர்வு நேற்று முடிந்தது. இனிமேல்தான் எனக்குப் பயம்.

இந்த மலையில் ஒரு பெண் சயன்ஸ் எடுப்பாளா, மாட்டாளா என்பது வகுப்பறையில் தீர்வதில்லை. இப்போது தொடங்கி ஜூன் வரைக்குமான விடுமுறையில், லயத்து (தோட்டத் தொழிலாளர்களின் வரிசை வீடுகள்) வாசலில், நாங்கள் யாரும் இல்லாத நேரத்தில் தீர்கிறது. கம்பத்திலிருந்து மாமன் வருவார். சித்தி ஒருத்தி திருப்பூரில் வேலை இருக்கிறது என்பாள். மதிப்பெண் வருவதற்குள் வீட்டில் முடிவெடுத்திருப்பார்கள். அதனால் இந்த ஆண்டு தேர்வு முடிவுக்குக் காத்திராமல் இப்போதே வீடு வீடாகப் போவது என்று நானும் கணக்கு டீச்சரும் பேசிக்கொண்டோம்.

ஏப்ரல் 6

ஞாயிற்றுக்கிழமை. செ. வீட்டில் கட்டஞ்சாயா கொடுத்தார்கள். அவள் அம்மா படிப்புக்கு எதிரி இல்லை. இதை அழுத்திச் சொல்ல விரும்புகிறேன். எங்கள் தோட்டத்து அம்மாக்களைப் பற்றி வெளியூர்க்காரர்கள் வேறு மாதிரி நினைக்கிறார்கள். அவர் கேட்டது இதுதான்: "டீச்சர், சயன்ஸ் இருக்கிற பள்ளிக்கு ஆறரை மணி பஸ்ஸைப் பிடிக்க வேண்டும். இங்கிருந்து ரோட்டுக்கு இரண்டு கிலோமீட்டர். மூடுபனியில் புலி நின்றாலும் தெரியாது. எனக்கு மஸ்டருக்கு (காலை வருகைப் பதிவு) போக வேண்டும், போகாவிட்டால் அன்றைய கூலி இல்லை. பிள்ளையோடு யார் நடப்பது?"

அன்னா மாணியும் ஆசாதிசாட்டும் இந்தக் கேள்விக்குப் பதில் தர மாட்டார்கள். நான் தர வேண்டும்.

அப்பாவின் கவலை வேறு. பொறியியல் ஆண்பிள்ளை வேலை, வெயிலில் நிற்க வேண்டும் என்றார். 1943-இல் கிண்டி பொறியியல் கல்லூரியில் பட்டம் வாங்கிய லலிதாவைப் பற்றிச் சொன்னேன். பதினைந்து வயதில் திருமணம், பதினெட்டில் கணவரை இழந்தபோது கையில் நான்கு மாதக் குழந்தை. மின்பொறியியல் படித்து, பின்னாளில் பக்ரா நங்கல் அணையின் மின்சாரப் பணிகளில் பங்கெடுத்தார். அவரோடு கிண்டியில் படித்த பி.கே. திரேசியா நம் கேரளத்துப் பெண். 1971-இல் கேரளப் பொதுப்பணித் துறையின் தலைமைப் பொறியாளர் ஆனார். "பொதுப்பணித் துறைக்கேவா?" என்று அப்பா இரண்டு முறை கேட்டார். இங்கே பாலம் போடுகிற இடத்தில் ஒரு ஓவர்சியர் வந்து நின்றாலே எவ்வளவு மரியாதை என்பது அவருக்குத் தெரியும்.

ஏப்ரல் 20

கம்பத்துக்கே அனுப்பிவிடலாம், அங்கே தமிழிலேயே பிளஸ் ஒன் படிக்கலாம், தமிழ்நாட்டு உதவியும் கிடைக்கும் என்று மூன்று வீடுகளில் சொன்னார்கள். எல்லையில் இருக்கிற நம் எல்லோருக்கும் இது தெரிந்திருக்க வேண்டும் என்பதால் விரிவாக எழுதுகிறேன்.

தமிழ்நாட்டில் பொறியியல், மருத்துவப் படிப்புகளில் அரசுப் பள்ளி மாணவர்களுக்கு உள்ள 7.5 விழுக்காடு ஒதுக்கீடும், 2022-இல் தொடங்கிய புதுமைப் பெண் திட்டத்தின் மாதம் ஆயிரம் ரூபாயும், ஆறாம் வகுப்பு முதல் பன்னிரண்டு வரை அங்கேயே படித்தவர்களுக்கு. பத்து வரை இங்கே படித்துவிட்டுப் பிளஸ் ஒன்னுக்குக் குமுளி இறங்கினால் அவை கிடைக்காது. உறவுக்காகவோ மொழிக்காகவோ போகலாம். சலுகையை நம்பிப் போக வேண்டாம்.

மொழித் தடை உண்மையானது. இங்கே பிளஸ் ஒன் சயன்ஸ் ஆங்கிலத்தில்தான் நடக்கிறது. பத்து ஆண்டு தமிழில் படித்த பிள்ளை முதல் மூன்று மாதம் திணறுவாள். அந்த மூன்று மாதத்தில் கைகொடுக்க ஆள் இருந்தால் கரையேறிவிடுவாள். பொறியியலுக்கான ஜே.இ.இ. முதன்மைத் தேர்வை 2021 முதல் தமிழிலும் எழுதலாம். ஆனால் தமிழ் வினாத்தாள் வேண்டும் என்றால் தேர்வு மையத்தைத் தமிழ்நாட்டுப் பக்கம் தேர்ந்தெடுக்க வேண்டும். மதுரைக்குப் போய் வருவது நமக்குப் புதிதில்லை.

ஐ.ஐ.டி.களில் பெண்கள் பத்து விழுக்காட்டுக்கும் கீழே இருந்த நிலையை மாற்ற 2018 முதல் கூடுதல் இடங்கள் ஒதுக்கினார்கள். 2020-இல் அது இருபது விழுக்காட்டை எட்டியது. பெரிய வாசல் திறந்திருக்கிறது. சிறிய வாசல்களும் உண்டு. பாலிடெக்னிக்கில் டிப்ளமோ முடித்தால் பி.டெக். இரண்டாம் ஆண்டில் நேரடியாகச் சேரலாம். டிப்ளமோ, பட்டம் இரண்டுக்குமே ஏ.ஐ.சி.டி.இ.யின் (அகில இந்தியத் தொழில்நுட்பக் கல்விக் குழு) பெண்களுக்கான பிரகதி உதவித்தொகை ஆண்டுக்கு 50,000 ரூபாய். குடும்ப வருமானம் எட்டு லட்சத்துக்குள் இருக்க வேண்டும். ஒரு வீட்டில் இரண்டு பெண்கள் வரை விண்ணப்பிக்கலாம்.

மே 9

முடிவு வந்துவிட்டது. செ.வுக்கு ஒன்பது பாடங்களில் ஏ பிளஸ், சமூக அறிவியலில் ஏ.

மே 16

பிளஸ் ஒன் சேர்க்கைக்கான ஒற்றைச் சாளர விண்ணப்பம் தொடங்கிவிட்டது. பள்ளிக் கணினி அறையில் காலையிலிருந்து வரிசை. அம்மாக்கள் கூடையை லயத்தில் வைத்துவிட்டு நேராக வந்திருந்தார்கள்.

சாதிச் சான்றிதழ்தான் பெரும் சுவர். பட்டியல் சாதிக் குடும்பம் என்றால் 1950-க்கு முன்பே இங்கே குடியிருந்ததற்கு ஆவணம் கேட்கிறார்கள். கொள்ளுத்தாத்தா காலத்தில் மலையேறி வந்தவர்களிடம் நிலப்பட்டா எப்படி இருக்கும்? தோட்டத்துப் பழைய செக்ரோலில் (தொழிலாளர் பதிவேடு) பெயர் இருந்தால் உண்டு. ஒரு பெண்ணுக்காக அவள் பாட்டனார் தகரப்பெட்டியைக் கவிழ்த்து ஒரு சம்பளச் சீட்டை எடுத்து வந்தார். அதில் இருந்த ஆண்டு 1953. எனக்குக் கோபம் இன்னும் தணியவில்லை. மூன்று ஆண்டு முன்பின்னுக்காக ஒரு குழந்தையின் கட்டணச் சலுகை போவதா? பிளஸ் டூ முடியும்போது தேடக் கூடாது, எட்டாம் வகுப்பிலேயே இந்த ஆவணங்களைத் தேடத் தொடங்குங்கள் என்று எல்லாப் பெற்றோரையும் கேட்டுக்கொள்கிறேன்.

மே 26

பருவமழை 24-ஆம் தேதியே கேரளத்தைத் தொட்டுவிட்டது. அதே நாளில் சோதனை ஒதுக்கீடும் வந்தது. இது கடைசிப் பட்டியல் என்று நினைத்து இரண்டு வீடுகளில் அழுகை. இது வெறும் முன்னோட்டம், திருத்த இன்னும் வாய்ப்பு உண்டு என்று மழையில் நனைந்துகொண்டே போய்ச் சொன்னேன்.

செ. குடையோடு எதிரே வந்தாள். தோட்ட அலுவலகத்து மழைமானியைவிடத் தன்னுடையது குறைவாகக் காட்டுகிறது என்றாள். காரணத்தையும் அவளே கண்டுபிடித்திருந்தாள். கனமழையில் தொட்டி கவிழும் அந்த நொடியில் விழுகிற நீர் எந்தத் தொட்டியிலும் சேராமல் போகிறது. மழை வலுக்க வலுக்க இழப்பு கூடுகிறது. தூறலுக்கு ஒரு கணக்கு, கொட்டும் மழைக்கு ஒரு திருத்தம் என்று நோட்டில் வரைபடம் போட்டிருந்தாள். வானிலைக்காரர்கள் இந்த வகைக் கருவிக்குச் செய்கிற திருத்தமும் அதுதான். யாரும் அவளுக்குச் சொல்லிக்கொடுக்கவில்லை. பதினாறு வயதுப் பெண் மழையைப் பார்த்துக்கொண்டே தானாக அங்கே போய்ச் சேர்ந்திருக்கிறாள்! இவளைச் சயன்ஸுக்கு அனுப்பாமல் வேறு யாரை அனுப்புவது?

ஜூன் 1

அயல்கூட்டத்தில் (குடும்பஸ்ரீ என்னும் கேரளப் பெண்கள் சுயஉதவி அமைப்பின் உள்ளூர்க் குழு) ஜீப் விவகாரத்தை எடுத்தேன். இரண்டு லயங்களிலிருந்து நான்கு பெண்கள் பிளஸ் ஒன் சயன்ஸுக்குப் போக விரும்புகிறார்கள். காலை ஏழேகாலுக்கு லயத்து வாசலிலிருந்து பள்ளி வரை டிரிப் ஜீப், மாதத்துக்கு ஆளுக்கு 900 ரூபாய். ஓட்டுநர் அண்ணன் முதலில் 1,200 கேட்டார். அவருடைய அக்காவும் குடும்பஸ்ரீ உறுப்பினர் என்பதால் இறங்கிவந்தார். முதல் இரண்டு மாதப் பணத்தை அயல்கூட்டம் கடனாகத் தருகிறது. மாலையில் ஆய்வக வகுப்பு நீண்டால் பள்ளி வாசலில் ஜீப் காத்திருக்கும் என்பதையும் பேசி முடித்தோம். செ.யின் அம்மா எழுந்து, "அப்படியென்றால் பிள்ளை போகட்டும்" என்றார். ஏப்ரலில் தொடங்கிய பேச்சு இந்த ஒரு மணி நேரத்தில் முடிந்தது.

ஜூன் 3

முதல் ஒதுக்கீட்டில் செ.வுக்கு உயிரியலோடு சேர்ந்த சயன்ஸ் கிடைத்திருக்கிறது. அவள் கேட்டது கம்ப்யூட்டர் சயன்ஸ் பிரிவு. தற்காலிகமாகச் சேர்ந்துவிட்டு மேல் விருப்பத்துக்குக் காத்திருக்கலாம், அப்படியே செய்தோம். இந்த இரண்டில் எந்தப் பிரிவு வந்தாலும் இயற்பியலும் கணக்கும் கையில் இருக்கின்றன, பொறியியலுக்கு அது போதும்.

கணக்கில் அவளைவிடக் கெட்டிக்காரியான இன்னொரு பெண்ணை அவள் அப்பா திருப்பூர் சித்தி வீட்டுக்கு அனுப்பிவிட்டார். நானும் கணக்கு டீச்சரும் மூன்று முறை போய்ப் பேசினோம். தொலைபேசியில் அந்தப் பெண் என்னோடு இரண்டு வார்த்தைதான் பேசினாள். அக்டோபரில் தீபாவளிக்கு வரும்போது மறுபடி போவேன். தனித்தேர்வராகப் படிக்கவும் வழி இருக்கிறது.

ஜூன் 18

பிளஸ் ஒன் வகுப்பு இன்று தொடங்கியது. ஜீப்பில் நான்கு பேரும் போனார்கள். சனிக்கிழமை பிற்பகல்களில் கணக்கு டீச்சர் வீட்டுத் திண்ணையில் பாடம்: முதல் மூன்று மாதம் ஆங்கிலப் பாடநூலைத் தமிழில் விளக்கிச் சொல்வோம். கம்பம், குமுளி, வண்டிப்பெரியார் பக்கம் பொறியியலோ அறிவியலோ படித்த பெண்கள் இருந்தால் மாதம் ஒரு சனிக்கிழமை வாருங்கள். உங்களைக் கண்ணால் பார்ப்பது இவர்களுக்கு முக்கியம். என்.சி.இ.ஆர்.டி. பிளஸ் ஒன் இயற்பியல், வேதியியல், கணக்குப் பழைய நூல்கள் நான்கு தொகுதி தேவைப்படுகின்றன. எட்டாம் வகுப்பில் லிட்டில் கைட்ஸ் நுழைவுத் தேர்வும் இந்த மாதமே வருகிறது. நம் லயத்துப் பெண் குழந்தைகளின் பெயர்களை வெள்ளிக்கிழமைக்குள் கொடுத்துவிடுங்கள்.