சமாதானமான பிறகு வழக்கை முடித்த கதை

அடி வாங்கியவன் நான். அடித்தவர் பங்காளி அண்ணன். பொது வீட்டு இரண்டாம் கட்டில் கிடந்த தேக்குச் சாமான்களைக் காரைக்குடி பழம்பொருள் கடைக்குக் கொடுப்பதா வேண்டாமா என்று ஆரம்பித்த பேச்சு முற்றி, கையில் இருந்த முகப்புக் கதவுச் சாவியாலேயே என் தலையில் போட்டுவிட்டார். எங்கள் செட்டிநாட்டு வீடுகளின் சாவியைப் பார்த்தவர்களுக்குத் தெரியும், சாவி என்பது பேருக்குத்தான், முழ நீள இரும்பு. தையல் போட வேண்டியதாயிற்று.

அரசு ஆஸ்பத்திரிக்குப் போனால் அங்கிருந்தே ஸ்டேஷனுக்குத் தகவல் போய்விடும். வந்து வாக்குமூலம் வாங்கி எஃப்.ஐ.ஆர். போட்டார்கள். பழைய ஐ.பி.சி.க்குப் பதிலாக வந்த பாரதிய நியாய சன்ஹிதாவில் 296(பி), 115(2), 118(1), 351(3) பிரிவுகள். அதாவது ஆபாசமாகத் திட்டியது, காயம், ஆயுதத்தால் காயம், கொலை மிரட்டல். சாவிதான் ஆயுதம்! அதையும் கைப்பற்றிக்கொண்டு போனார்கள்.

அப்புறம் படைப்புக்கு (முன்னோர்களுக்குப் படைத்துக் கும்பிடுவது) எல்லாப் புள்ளிகளும், அதாவது பங்காளிக் குடும்பங்களும், கூடியபோது பெரியவர்கள் உட்கார வைத்துப் பேசினார்கள். வைத்தியச் செலவை அண்ணன் கொடுத்தார். இனி எதை விற்றாலும் எல்லாப் பங்கும் கையெழுத்துப் போட வேண்டும் என்று எழுதிக்கொண்டோம். அவருக்கு பாஸ்போர்ட் புதுப்பிக்க வேண்டிய அவசரம், வழக்கு நிலுவையில் இருந்தால் சிக்கல். நானே ஸ்டேஷனுக்குப் போய், "புகாரை வாபஸ் வாங்கிக்கிறேன் சார்" என்றேன்.

"புகாருக்குக் குடுக்குற மனு ரசீதோட நின்னிருந்தா எழுதி வாங்கிட்டு முடிச்சிருக்கலாம். எஃப்.ஐ.ஆர். போட்டாச்சுல்ல, இது இப்ப அரசாங்கத்தோட கேஸ்" என்றார் எஸ்.ஐ.

நம் ஊரில் பாதிப் பேருக்கு இது தெரியாது. வக்கீல்தான் விளக்கினார். சாதாரணக் காயம், மிரட்டல் போன்றவற்றை பி.என்.எஸ்.எஸ். (பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டத்துக்குப் பதிலாக வந்தது) 359-ன் கீழ் மாஜிஸ்திரேட் முன்பே சமரசம் செய்துகொள்ளலாம், அது விடுதலைக்குச் சமம். ஆனால் 118(1), 296 இரண்டும் அந்தப் பட்டியலில் இல்லை. அதற்கு உயர் நீதிமன்றத்தில் அதே சட்டத்தின் 528-ன் கீழ் (பழைய சட்டத்தில் 482) ரத்து மனு போட வேண்டும். கொலை, பாலியல் வன்கொடுமை போன்ற கொடுங்குற்றங்களில் இது நடக்காது. தனிப்பட்ட தகராறு என்றால் சமரசத்தை ஏற்று ரத்து செய்யலாம் என்று 2012-ல் கியான் சிங் வழக்கில் உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது.

மனுதாரர் அண்ணன், எதிர்மனுதாரர்களில் ஒருவன் நான். அடி வாங்கியவன் எதிர்மனுதாரர் என்பது கேட்க வேடிக்கையாகத்தான் இருந்தது. எனக்குத் தனி வக்கீல் வைத்துக்கொண்டேன், அது நல்லது. கூட்டு சமரச மனுவில் இருவரும் கையெழுத்திட்டு ஆதார் நகல் இணைத்தோம். விசாரணை மதுரைக் கிளையில். காரைக்குடியிலிருந்து திருப்பத்தூர், மேலூர் வழியாகப் போனால் ஊருக்குள் நுழைய வேண்டியதில்லை, ஒத்தக்கடை பக்கமே கோர்ட்.

ஸ்டேஷனிலிருந்து வந்தவர் எங்களை அடையாளம் காட்டினார். நீதிபதி என்னிடம்தான் கேட்டார்: யாராவது மிரட்டினார்களா, மனப்பூர்வமாகச் சம்மதமா? "சம்மதம் ஐயா" என்றேன். அரசு வக்கீலையும் கேட்டுவிட்டு எஃப்.ஐ.ஆரை ரத்து செய்தார். சமரச மனு உத்தரவின் பகுதியாகச் சேர்ந்தது.

உத்தரவு வந்ததும் எல்லாம் தானாக நடக்கும் என்று இருந்துவிடக் கூடாது. சான்றிட்ட நகலை ஸ்டேஷனிலும் மாஜிஸ்திரேட் கோர்ட்டிலும் நாமே கொடுத்து, கொடுத்ததற்கு ஒப்புகை வாங்க வேண்டும். பாஸ்போர்ட்டுக்கு போலீஸ் விசாரணை வரும்போது காட்ட அண்ணன் இன்னொரு நகலும் எடுத்து வைத்திருக்கிறார். சாவியைத் திரும்பப் பெற மாஜிஸ்திரேட்டிடம் தனி மனு, அது இன்னும் நடக்கிறது.